முதல் டோஸ் ஆடிட், முதல் தேசியக் கணக்கெடுப்பு: கதிர்வீச்சு சிகிச்சைத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இரண்டில் ஒன்று உங்கள் மேசைக்கு வந்துவிடும். ஒன்று, நாடு முழுவதும் உள்ள சிகிச்சை மையங்களிடம் கருவிகள், ஆட்கள், நோயாளி எண்ணிக்கை, தரச் சோதனை வழக்கம் எல்லாவற்றையும் கேட்கும் நீண்ட கேள்விப் படிவம். இன்னொன்று, தபாலில் வரும் சின்னப் பெட்டி. உள்ளே டோஸை, அதாவது கதிர்வீச்சின் அளவை, பதிந்து வைக்கும் சில கப்சூல்களும், அவற்றின் மேல் இவ்வளவு டோஸ் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு கடிதமும் இருக்கும். "புதுசா வந்தவரே செய்யட்டும், கத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்" என்று மூத்தவர்கள் உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

எனக்கு இது துண்டு துண்டாகத்தான் பிடிபட்டது. கையேடுகளில் இயற்பியல் அருமையாக இருக்கிறது. ஆனால் எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட வேண்டும், இயந்திரத்தை எப்போது கேட்டு வாங்க வேண்டும், கொரியர் அலுவலகத்தில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் அவற்றில் இல்லை. அந்த இடைவெளிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள அத்தனைக்கும் ஒரே அடிப்படைதான்: வெளியே அனுப்பும் எந்த எண்ணுக்கும் பின்னால், கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதிய எண்தான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

## 1. வந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள்

பொதுவாக ஆடிட் என்று சொல்லப்படுவதில் நாலு வகை உண்டு. நேரம், தாள், செலவு மூன்றும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதல் வகை கேள்விப் படிவம். தொழில்முறைச் சங்கம், சுகாதாரத் துறை, ஆராய்ச்சிக் குழு, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இயந்திரத்தை இயக்கவே வேண்டாம். பதிவேடுகளைத் தோண்ட வேண்டும்.

இரண்டாவது தபால் டோஸ் ஆடிட். நீங்கள் 2 கிரே (டோஸின் அலகு) என்று சொல்லிக் கொடுக்கும் டோஸ் உண்மையிலேயே 2 கிரேதானா என்று வெளியில் உள்ள ஆய்வகம் தனியாக அளந்து சொல்லும். சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1969 முதல் நடத்திவருவது இந்த வகைதான். முதலில் டிஎல்டி பொடியை (சூடாக்கினால், பட்ட டோஸுக்கு ஏற்ப ஒளிர்வது) வைத்து அளந்தார்கள். 2017 முதல் ஆர்பிஎல்டி என்ற கண்ணாடி டோசிமீட்டருக்கு (டோஸ் அளக்கும் பொருளுக்கு) மாறிவிட்டார்கள். ஓஎஸ்எல்டி என்ற இன்னொரு வகை டோசிமீட்டரைப் பயன்படுத்தும் அமைப்புகளும் உண்டு.

மூன்றாவது, ஃபாண்டத்தை (உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரிப் பொருளை) நோயாளியாக வைத்து ஸ்கேனிலிருந்து சிகிச்சை வரை எல்லாவற்றையும் செய்து பார்க்கும் முழுச் சுற்றுச் சோதனை.

நான்காவது நேரில் வரும் குழு. சர்வதேச அணுசக்தி முகமையின் குவாட்ரோ இதற்கு நல்ல உதாரணம். புற்றுநோய்க் கதிர்வீச்சு மருத்துவர், இயற்பியலாளர், டெக்னாலஜிஸ்ட் என்று மூன்று துறைக்காரர்களும் வந்து பிரிவு முழுவதையும் பார்ப்பார்கள்.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். குவாட்ரோ போன்ற சக நிபுணர் ஆடிட் வேறு, உரிமம் கொடுக்கும் ஒழுங்குமுறை அமைப்பின் ஆய்வு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்து, இருக்கும் குறையை மூடி மறைக்கும் பிரிவுகள் உண்டு. சக நிபுணரிடம் மறைத்தால் ஆடிட்டால் கிடைக்கக்கூடிய ஒரே பலனும் போய்விடும்.

## 2. அனுமதியையும் பொறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்

இந்த வேலையைச் செய்பவர் நீங்கள் என்றாலும், மையத்தின் பெயரில் தகவல் வெளியே போகிறது. அதனால் துறைத் தலைவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: எந்த ஆடிட், எந்த இயந்திரங்கள், தொடர்பாளர் யார், அவர் விடுப்பில் போனால் மாற்று யார். மின்னஞ்சல் முகவரி மையத்தினுடையதாக இருக்கட்டும். உங்கள் சொந்த முகவரியைக் கொடுத்துவிட்டு நீங்கள் வேலை மாறிப் போனால், முடிவுக் கடிதம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். ஏற்பு எல்லைக்கு வெளியே போன முடிவு அப்படிக் கிடந்தால் நோயாளிகளுக்குத்தான் ஆபத்து.

கணக்கெடுப்பு என்றால் இன்னொரு கேள்வி: நோயாளிவாரித் தகவல் கேட்கிறார்களா, மொத்த எண்ணிக்கை மட்டுமா? மொத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் நிர்வாக ஒப்புதலே போதும். ஆளாளுக்கு வயது, நோய்நிலை, டோஸ் என்று கேட்டால் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும். குழு கூடுவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இந்தக் கடிதத்தை முதல் வேலையாக அனுப்புங்கள். "இதற்கு எங்கள் ஒப்புதல் தேவையில்லை" என்று அவர்கள் வாயால் சொன்னால் விடாதீர்கள். அதையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

## 3. கோப்பைத் தயார் செய்யுங்கள்

பெட்டி வருவதற்கு முன்பே இவை ஒரே இடத்தில் இருக்கட்டும்:

- அயான் சேம்பர் (டோஸ் அளக்கும் கருவி), எலக்ட்ரோமீட்டர் (அது தரும் மின்னூட்டத்தைப் படிக்கும் கருவி) இரண்டின் காலிபரேஷன் சான்றிதழ்
- வெப்பமானி, காற்றழுத்தமானி ஆகியவற்றின் சரிபார்ப்புப் பதிவு
- ஒவ்வொரு கதிர்க் கற்றையின் கடைசி அவுட்புட் (இயந்திரம் வெளியிடும் டோஸ்) அளவீட்டுத் தாள்
- இயந்திரத்தை முதலில் பயன்பாட்டுக்கு எடுத்தபோது பதிவு செய்த ஆழ டோஸ் அட்டவணைகள்
- தினசரி, மாத, வருடச் சோதனைப் பதிவேடு
- முந்தைய ஆடிட் முடிவுகள், எல்லைக்கு வெளியே போனவை உட்பட

முதல் வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சேம்பரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காலிபரேஷனுக்கு அனுப்புவது பரவலான வழக்கம். அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும். ஆடிட் தேதிக்கு முன் சான்றிதழின் காலம் முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடிகிறது என்றால், காலம் உள்ள இன்னொரு சேம்பரோடு ஒப்பிட்டு அளந்து எழுதி வையுங்கள். படிவத்தில் அதை அப்படியே குறிப்பிடலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

சான்றிதழைக் கையில் எடுத்ததும் இரண்டு எண்களின் கீழ் கோடு போடுங்கள். ஒன்று காலிபரேஷன் எண் நீரில் உறிஞ்சப்படும் டோஸுக்கா, காற்றில் கெர்மாவுக்கா (கதிர் காற்றுக்குக் கைமாற்றும் ஆற்றலுக்கா) என்பது. இன்னொன்று எந்த வெப்பநிலைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது. சில ஆய்வகங்கள் 20 டிகிரி செல்சியஸுக்கும் சில 22 டிகிரிக்கும் கொடுக்கின்றன. மாற்றிப் போட்டால் 0.7% போய்விடும். தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் இப்படி மூன்று சின்னது ஒரே பக்கமாகச் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள்.

எந்த நெறிமுறைப்படி அளக்கிறீர்கள் என்றும் படிவம் கேட்கும். டிஆர்எஸ்-398 (சர்வதேச அணுசக்தி முகமையின் டோஸ் அளவீட்டு நெறிமுறை) என்று மட்டும் எழுதினால் போதாது. 2000-இல் வந்த பதிப்பும் இருக்கிறது, 2024-இல் வந்த திருத்திய பதிப்பும் இருக்கிறது. கற்றைத் தரத் திருத்த எண்கள் இரண்டிலும் ஒன்றல்ல. உங்கள் எக்செல் தாளில் எது இருக்கிறது என்று திறந்து பாருங்கள். யாரோ எப்போதோ செய்து வைத்த தாளை எல்லாரும் நகல் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருப்பது எங்கும் நடக்கிற கதை.

## 4. நேரம், செலவு

கட்டணம் அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். சிலவற்றில் கிடையாது, சிலவற்றில் ஒவ்வொரு கற்றைக்கும் தனித்தனியாக வாங்குவார்கள். அழைப்புக் கடிதத்தில் இது தெளிவாக இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். கூடவே கேட்க வேண்டியவை: திருப்பி அனுப்பும் கொரியர் செலவு யாருடையது, ஃபாண்டம் உடைந்தால் யார் பொறுப்பு, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம் யார் கட்டுவது. இவற்றுக்குப் பதில் தெரியாமல் நிதிப் பிரிவுக்குப் போனால் கோப்பு திரும்பி உங்களிடமே வரும்.

பணத்தைவிடப் பெரிய செலவு இயந்திர நேரம். கப்சூலில் கதிர் விழுவது சில நிமிடந்தான். ஆனால் நீர்த் தொட்டி வைப்பது, அவுட்புட் அளப்பது, கப்சூல்களை ஒவ்வொன்றாக மாற்றுவது, தாள் நிரப்புவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு, மூன்று கற்றைகளுக்கே ஒரு மாலை முழுவதும் வேண்டும். நோயாளிகள் முடிந்த பிறகு என்று வைத்துக்கொண்டால், அன்று கடைசி நோயாளிக்குத் தாமதமாகும் என்றும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மாதச் சோதனை நடக்கும் நாளோடு சேர்த்துவிடுவது என் பரிந்துரை. தொட்டியும் சேம்பரும் எப்படியும் வெளியே இருக்கும்.

கேள்விப் படிவத்துக்கு இயந்திர நேரம் வேண்டாம், ஆனால் ஆட்களின் நேரம் நிறைய வேண்டும். நோயாளி எண்ணிக்கை பதிவுப் பிரிவிடமும், ஆட்கள் விவரம் நிர்வாகத்திடமும், பழுது விவரம் பராமரிப்புப் பொறியாளரிடமும் இருக்கும். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பித்தால் நடக்காது.

## 5. கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புவது

சாதாரணமாகத் தெரிந்தாலும் எனக்கு இதுதான் கப்சூலைவிடக் கடினம். டோஸை அளந்துவிடலாம். "சென்ற ஆண்டு எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தீர்கள்?" என்ற கேள்விக்கு மூன்று சரியான பதில்கள் இருக்கின்றன.

நோயாளி எண்ணிக்கை ஒன்று. சிகிச்சைச் சுற்றுகளின் எண்ணிக்கை இன்னொன்று. பிரிவமர்வுகளின், அதாவது டோஸைப் பிரித்துக் கொடுக்கும் தவணைகளான ஃபிராக்ஷன்களின் எண்ணிக்கை மூன்றாவது. மார்ச் மாதம் மார்பகத்துக்குச் சிகிச்சை முடித்த ஒருவர் அக்டோபரில் எலும்பு வலிக்காகத் திரும்பி வந்தால் அவர் ஒரு நோயாளி, இரண்டு சுற்று. ஒரே வாரத்தில் முதுகெலும்பிலும் தொடையெலும்பிலும் தனித்தனித் திட்டத்தோடு சிகிச்சை நடந்தால் ஒரு சுற்றா, இரண்டா? கடைசியில் கூடுதலாகக் கொடுக்கும் பூஸ்ட் தனிச் சுற்றா? படிவத்தின் வரையறைப் பக்கத்தில் இதற்கு விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் நடத்துபவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வருவதற்குள் கெடு வந்துவிட்டால், "இப்படி எண்ணியிருக்கிறோம்" என்று குறிப்புக் கட்டத்தில் எழுதி அனுப்புங்கள்.

ஆரியா, மொசைக் போன்ற பதிவு மென்பொருள்கள் அறிக்கை எடுத்துக் கொடுக்கும். ஆனால் அந்த அறிக்கையில் தரச் சோதனைக்காக உருவாக்கிய போலி நோயாளிகளும் சேர்ந்து வருவார்கள்! ஃபாண்டம் ஒன்று, ஃபாண்டம் இரண்டு என்று பெயர் வைத்த கணக்குகளை நீக்கிவிட்டு எண்ணுங்கள். திட்டம் போட்டும் சிகிச்சைக்கு வராதவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள் ஆகியோரை என்ன செய்வது என்பதையும் முடிவு செய்து எழுதி வையுங்கள்.

ஆண்டு எது என்பதும் ஒரு பொறி. படிவம் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கும். உங்கள் நிர்வாகத்தின் அறிக்கை நிதியாண்டுக்கு இருக்கும். இரண்டையும் கலந்து, ஆட்களுக்கு ஒரு ஆண்டும் நோயாளிகளுக்கு வேறு ஆண்டும் கொடுத்தால், ஒரு இயந்திரத்துக்கு எத்தனை பேர் என்று பின்னால் அவர்கள் போடும் கணக்கு தப்பாகிவிடும். அந்தக் கணக்கை வைத்துத்தான் இத்தனை இயந்திரம் போதாது, இத்தனை ஆட்கள் வேண்டும் என்று வாதாடுவார்கள் என்பதை மறக்காதீர்கள்.

ஆட்கள் எண்ணிக்கையில் தலைகளை எண்ணச் சொல்கிறார்களா, முழுநேர வேலையளவைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் எக்ஸ்ரே பிரிவுக்கும் மூன்று நாள் உங்களுக்கும் வேலை செய்யும் இயற்பியலாளர் தலைக் கணக்கில் 1, வேலையளவில் 0.6. பயிற்சியில் உள்ளவர்களைச் சேர்ப்பதா என்பது தனிக் கேள்வி. நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர் செய்கிறீர்கள் என்றால், பயிற்சியாளர்களையும் சேர்த்து நாலு என்று காட்டுவதால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பிறகு வருவது தரச் சோதனைக் கேள்விகள். "தினமும் அவுட்புட் பார்க்கிறீர்களா?" என்றால் விதிப் புத்தகத்தில் இருப்பதை எழுதக் கை துறுதுறுக்கும். கேட்பது நடைமுறையை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் டிஜி-142 அறிக்கையின்படி தினசரி அவுட்புட் 3%, மாத அவுட்புட் 2% எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் திருப்பி எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியவராது. ஏதாவது மூன்று மாதப் பதிவேட்டை எடுத்து, எத்தனை வேலை நாள், எத்தனை நாளுக்குப் பதிவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த விகிதத்தை எழுதுங்கள். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. எல்லா மையமும் நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கொடுத்தால், சோதனைக்கருவி வாங்கவும் ஆள் போடவும் கேட்பதற்கு யாரிடமும் ஆதாரமே இருக்காது.

வெறுமையாக விட்ட கட்டம், பூஜ்யம், தெரியாது இவை மூன்றும் மூன்று பதில்கள். பிராக்கிதெரபி (கதிர் மூலத்தை உடலுக்குள் வைத்துத் தரும் சிகிச்சை) கருவி உங்களிடம் இல்லையென்றால் 0 போடுங்கள். கருவி இருந்து எண்ணிக்கை கிடைக்கவில்லையென்றால் தெரியாது என்று போடுங்கள். இடையில் பழுதாகி நின்ற இயந்திரத்தை எத்தனை மாதம் ஓடியது என்ற குறிப்போடு எழுதுங்கள்.

அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பல இணையப் படிவங்கள் அனுப்பிய பிறகு உங்களுக்கே திரும்பக் காட்டாது. ஒவ்வொரு எண்ணும் எந்த அறிக்கையிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை இதே கேள்விகள்தான் வரும்.

## 6. கப்சூல் நாள்

பெட்டி வந்ததும் திறந்து எண்களைச் சரிபாருங்கள். அனுப்புநர் பட்டியலில் இருக்கும் கப்சூல் எண்களும் உள்ளே இருப்பவையும் ஒன்றாக இருக்க வேண்டும். கதிர் படக்கூடாத ஒப்பீட்டுக் கப்சூல்களும் கூட வரும். பயணத்தில் பட்ட கதிர்வீச்சைக் கழிக்க அவை வேண்டும். அவற்றைச் சிகிச்சை அறைக்குள்ளேயே கொண்டு போகாதீர்கள். கதிர்ப் பொருள் வைக்கும் அறைக்கு அருகிலும் வேண்டாம். உங்கள் மேசை இழுப்பறையே போதும்.

முந்தின நாள் மாலை நீர்த் தொட்டியை நிரப்பி அறையில் வையுங்கள். நீர் அறை வெப்பத்துக்கு வர மணிக்கணக்கில் ஆகும். சேம்பருக்குள் உள்ள காற்றின் அடர்த்திக்குத் திருத்தம் போடுவதால், ஒரு டிகிரி தவறினால் டோஸில் ஏறக்குறைய 0.34% தவறும்.

காற்றழுத்தம் அதைவிட மோசம். பக்கத்து விமான நிலையத்தின் அழுத்தத்தை இணையத்தில் பார்த்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது கடல் மட்டத்துக்குத் திருத்தப்பட்ட எண்ணாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் உண்மையான அழுத்தம் சுமார் 91 கிலோபாஸ்கல்தான். இணையம் 101 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி இயந்திரத்தைச் சரிசெய்தால் எல்லா நோயாளிக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் அதிக டோஸ் போகும். அறையில் உள்ள காற்றழுத்தமானியை மட்டும் நம்புங்கள். அதையும் வருடத்துக்கு ஒருமுறையாவது வேறொன்றோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து அமைப்பு. பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் தாங்கியைத் தொட்டியில் நிறுத்தி, குறிப்பில் சொன்ன இடம் வரை நீர் ஊற்றி, கேன்ட்ரியை (இயந்திரத்தின் சுழலும் கையை) நேர் மேலே வைத்து, 10 × 10 செ.மீ. புலத்தில் கதிர் விடுவதுதான் வழக்கமான முறை. பொறிகள் இங்கே குவிந்திருக்கின்றன.

தூரம்: கதிர் மூலத்திலிருந்து நீர்ப்பரப்பு 100 செ.மீ. தூரத்திலா (எஸ்எஸ்டி), கப்சூல் 100 செ.மீ. தூரத்திலா (எஸ்ஏடி)? ஒன்றுக்குக் கணக்குப் போட்டு மற்றதற்கு வைத்தால், 10 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 21% வித்தியாசம் வரும். இவ்வளவு பெரிய பிழை வரும்போது இயந்திரம் கெட்டுவிட்டதென்று எல்லாரும் பதறுவார்கள், கெட்டிருக்காது.

ஆழம்: 2 கிரே கப்சூல் இருக்கும் ஆழத்தில் வேண்டும், உச்ச டோஸ் ஆழத்தில் அல்ல. 6 எம்வி (மெகாவோல்ட்) எக்ஸ்ரே கற்றையில் 10 செ.மீ. ஆழத்தில் உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். 100 செ.மீ. எஸ்எஸ்டியில், உச்ச ஆழத்தில் ஒரு மானிட்டர் யூனிட்டுக்கு (இயந்திரம் விடும் கதிரை எண்ணும் அலகுக்கு) 1 சென்டிகிரே என்று சரிசெய்த இயந்திரத்துக்கு ஏறக்குறைய 300 யூனிட் வேண்டும். உங்கள் கணக்கு 200 என்று வந்தால் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

நீர்மட்டம்: தாங்கியை உள்ளே இறக்கிய பிறகு மட்டத்தைப் பாருங்கள், முன்னால் அல்ல. ஒரு மில்லிமீட்டர் தவறினால் அரை சதவீதம்.

தாங்கியின் பிளாஸ்டிக் கொஞ்சம் கதிரைத் தடுக்கும். அதற்கான திருத்தத்தை வழக்கமாக ஆய்வகமே போடும். நீங்களும் போட்டால் இரண்டு முறை ஆகிவிடும். குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபால்ட் இயந்திரம் (கதிரியக்கக் கோபால்ட்டை மூலமாகக் கொண்டது) என்றால் மானிட்டர் யூனிட் கிடையாது, நேரம்தான். டைமர் நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிறதா, நொடியைக் காட்டுகிறதா என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். 0.3 நிமிடம் என்பது 18 நொடி, 30 நொடி அல்ல. 1996-இல் கோஸ்டா ரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அதிக டோஸ் போனதற்குக் காரணம் இதே குழப்பம்தான். கதிர் மூலம் மூடித் திறக்கும் நேரத்துக்கான திருத்தத்தையும் விடாதீர்கள்.

ஒரு கற்றைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கப்சூல்கள் இருந்தால் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்று முடிந்ததும் துடைத்து, எண்ணைப் பார்த்து, தாளில் எழுதி, அப்புறம் அடுத்ததை எடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று விட்டால் எது எந்தக் கற்றைக்கு என்று குழம்பும்.

இன்னொன்று, கொஞ்சம் நேர்மை சம்பந்தப்பட்டது. கப்சூலுக்குக் கதிர் விடுவதற்குச் சற்று முன்னால் இயந்திரத்தின் அவுட்புட்டைத் திருத்தி அழகாக்காதீர்கள். நேற்று நோயாளிக்கு எப்படிக் கொடுத்தீர்களோ அப்படியே கொடுங்கள். தினசரிச் சோதனையில் எல்லை தாண்டியிருந்தால் அது வேறு. வழக்கமான நடைமுறைப்படி திருத்தி, திருத்தியதாகப் பதிவும் செய்யுங்கள்.

படிவத்தில் கடைசியாக எழுதும் எண்தான் உயிர்நாடி: நீங்கள் கொடுத்ததாகச் சொல்லும் டோஸ். கேட்டது 2 கிரே என்பதால் கண்ணை மூடிக்கொண்டு 2.00 என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. மானிட்டர் யூனிட்டை முழு எண்ணாக்கியதில் 1.99 ஆகியிருக்கலாம். அன்றைய அளவீட்டை வைத்துச் சொல்லுங்கள் என்று படிவம் கேட்டால், அன்று அவுட்புட் 1% கூடுதலாக இருந்தால் 2.02 ஆகும். அளந்த டோஸா, திட்டமிடும் மென்பொருள் சொன்ன டோஸா, எதைக் கேட்கிறார்கள் என்று படித்து, அதை இரண்டு தசமத்தில் எழுதுங்கள். கணக்கை இன்னொரு இயற்பியலாளர் தனியாகப் போட்டுப் பார்க்கட்டும். உங்கள் தாளை அவரிடம் காட்டாதீர்கள். காட்டினால் உங்கள் தவறையே அவரும் வழிமொழிவார்.

## 7. ஃபாண்டம் வந்தால்

ஃபாண்டம் ஆடிட்டில் சோதிக்கப்படுவது நீங்கள் மட்டும் அல்ல, முழுப் பிரிவும். அதனால் ஸ்கேனை டெக்னாலஜிஸ்டே எடுக்கட்டும், உறுப்புகளை வழக்கமாக வரைபவரே வரையட்டும், சிகிச்சையையும் வழக்கமான குழுவே கொடுக்கட்டும். இயற்பியலாளர் எல்லாவற்றையும் தானே பொத்திப் பொத்திச் செய்தால் நல்ல முடிவு வரும். அது பிரிவின் முடிவு அல்ல.

ஃபாண்டம் மையத்திலிருந்து மையத்துக்குப் போகும் பொருள். உங்களிடம் இருக்கக்கூடிய நாட்கள் குறைவு. அது வருவதற்கு முன்பே ஸ்கேனருக்கும் இயந்திரத்துக்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள். நீர் நிரப்ப வேண்டிய வகை என்றால் குமிழி இல்லாமல் நிரப்பவே நேரம் எடுக்கும்.

எல்லை தாண்டினால் முதலில் பார்க்க வேண்டியவை: சிகிச்சை மேசையைத் திட்டமிடும் மென்பொருளில் சேர்த்தீர்களா, நுரையீரல் போன்ற அடர்த்தி குறைந்த பகுதிக்குப் பழைய பென்சில் பீம் முறையில் கணக்கிட்டீர்களா, டோஸைப் பொருளில் சொன்னீர்களா நீரில் சொன்னீர்களா, கற்றைக்கு வடிவம் கொடுக்கும் உலோக இலைகளின் (மல்டிலீஃப் காலிமேட்டர்) இடைவெளிக்கு மென்பொருளில் உள்ள மாதிரி சரியா. சொந்தமாகச் செய்யும் ஐஎம்ஆர்டி (கற்றையின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றும் சிகிச்சை) சோதனையில், டோஸில் 3%, இடத்தில் 2 மி.மீ. அளவுகோலில் 95% புள்ளிகள் தேறுவது அதே அமெரிக்கச் சங்கத்தின் டிஜி-218 அறிக்கை சொல்லும் எல்லை. அதில் நன்றாகத் தேறிய திட்டம் ஃபாண்டத்தில் தவறுவது உண்டு. ஒரே மென்பொருளின் தவறை அதே மென்பொருளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

## 8. திருப்பி அனுப்புவது

கதிர் விட்ட கப்சூல்களையும் விடாத ஒப்பீட்டுக் கப்சூல்களையும் ஒன்றாக அனுப்புங்கள். பயணத்தில் படுவது இரண்டுக்கும் ஒன்றாகவே படவேண்டும். கொரியர்காரர் உள்ளே என்ன என்று கேட்பார். டோசிமீட்டர் என்று சொன்னதும் அணுப்பொருளா என்று பயந்து எடுக்க மறுப்பார்கள். துறையின் தலைப்புத்தாளில் "கதிரியக்கப் பொருள் அல்ல, விற்பனை மதிப்பு இல்லாத அளவீட்டு மாதிரிகள், எக்ஸ்ரே சோதனையைத் தவிர்க்கவும்" என்று ஒரு கடிதம் எழுதி முத்திரையோடு இரண்டு நகல் வையுங்கள். ஒன்று பெட்டிக்குள், இன்னொன்று வெளியே. நாட்டு எல்லை தாண்டிப் போகிறதென்றால் சுங்கப் படிவத்திலும் இதே சொற்கள் இருக்கட்டும். அனுப்பிய எண்ணைக் கோப்பில் ஒட்டுங்கள். தாள் படிவத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் அனுப்பினால் பெட்டி தாமதமானாலும் தகவல் போயிருக்கும்.

கதிர் விட வேண்டிய தேதி வரம்பைத் தவறவிட்டால் உடனே ஆய்வகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ள முடியும். சொல்லாமல் பின்தேதி போட்டுவிட்டால் தவறான திருத்தம் உங்கள் முடிவில் ஏறும்.

## 9. முடிவு வந்த பிறகு

முதலில் பார்க்க வேண்டியது குறி. வித்தியாசம் மைனஸ் 4% என்றால் நோயாளிக்குக் குறைவாகப் போகிறதா, அதிகமாகவா? சில அமைப்புகள் அளந்த டோஸை நீங்கள் சொன்னதால் வகுக்கின்றன, சில தலைகீழாக. கடிதத்தின் அடியில் உள்ள விளக்கத்தைப் படிக்காமல் இயந்திரத்தைத் திருத்தினால் 4% பிழை 8% ஆகிவிடும். அதோடு, ஒரு ஆடிட் முடிவை வைத்து மட்டும் எந்த இயந்திரத்தையும் திருத்தக் கூடாது. நீங்களே மறுபடி அளந்து காரணம் கண்டுபிடித்த பிறகுதான்.

சர்வதேச அணுசக்தி முகமையின் ஆடிட்டில் ஏற்பு எல்லை 5%. உள்ளே வந்தாலும் 3% தாண்டினால் நான் தேடுவேன். தேடும் வரிசை: படிவம், அமைப்பு, கணக்குத் தாள், சேம்பர், கடைசியாக இயந்திரம். இந்த வரிசையில் போனால் பல நேரம் இயந்திரம் வரை போக வேண்டியே இருக்காது. எல்லாக் கற்றையும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகியிருந்தால் சேம்பர், அழுத்தம், நெறிமுறை மாதிரி பொதுவான ஒன்று. ஒரு கற்றை மட்டும் என்றால் அந்தக் கற்றையின் கணக்கு அல்லது அமைப்பு.

5% தாண்டினால் துறைத் தலைவருக்கும் சிகிச்சை மருத்துவருக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். காரணம் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். ஆடிட் நடத்துபவர்கள் பொதுவாக முடிவை ரகசியமாக வைத்து, மறுசோதனைக்கு இன்னொரு கப்சூல் தொகுதி அனுப்புவார்கள். அதற்குள் வேறொரு சேம்பரை வைத்து, முடிந்தால் வேறு மையத்து இயற்பியலாளரை அழைத்து, தனியாக ஒருமுறை அளந்துவிடுங்கள். வித்தியாசம் உண்மையென்று உறுதியானால், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை பேருக்கு என்று பின்னோக்கிப் பார்க்கும் வேலை இருக்கிறது. அதை மருத்துவர்களோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

கணக்கெடுப்பு என்றால் அறிக்கை வெளிவர நாளாகும். வெளியிடும் முன் பல குழுக்கள் வரைவை மையங்களுக்கு அனுப்பித் திருத்தம் கேட்கும். அந்தக் கெடு பெரும்பாலும் சிறியது. உங்கள் மைய வரியை, சேமித்து வைத்த பிடிஎஃப் உடன் ஒப்பிட்டுப் பார்த்துப் பதில் அனுப்புங்கள். கூடவே, சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் டிராக் என்ற சிகிச்சை மையங்களின் பட்டியலில் உங்கள் மையத்தின் இயந்திர விவரம் சரியாக இருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடலாம். எப்போதோ கழற்றி எடுத்துப் போன கோபால்ட் இயந்திரம் அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.